வரி நிரப்ப ஒரு சொல்

மாடியில் குக்கர் விசில் அடித்தால் கீழே அச்சகத்தில் எனக்கு வேலை வந்துவிடும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. குக்கரைப் பற்றியே மாடியில் குடியிருக்கிற மனுஷன் நாலு பக்கம் எழுதிக் கொண்டுவந்து தந்திருக்கிறார். உள்ளே நெருக்கம் கூடக்கூட விசுவாசி வாய்விட்டுத் துதிக்க வேண்டுமாம். பால் பொங்கி வழிந்தது, பஸ் நிற்காமல் போனது, செருப்பு வார் அறுந்தது, மிதியடிக்குக் கீழே சாவி கிடைத்தது, எதையும் அவர் விட்டதில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஆண்டவர் ஒரு பாடம் ஒளித்து வைத்திருக்கிறார், நாம்தான் குனிந்து எடுப்பதில்லை என்பார். சபை வாரம் தோறும் வெளியிடும் துண்டுப் பத்திரிகையில் அதற்கென்று ஒரு பத்தி இருந்தது. பெயர் 'அடுப்படி மன்னா'. மன்னா என்றால் பைபிளில் வானத்திலிருந்து விழுந்த அப்பம். அதனால் அவருக்கே மன்னாக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. நான் மட்டும் அண்ணன் என்று கூப்பிடுவேன்.

அவருடைய உத்தியோகம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது. தோளில் ஒரு பை, கையில் டார்ச், வாயில் ஒரு பாட்டு. நல்ல மனுஷன் என்று சத்தியம் பண்ணிச் சொல்வேன். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர்மேல் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும்.

அந்த அக்கா பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் பொத்தானுக்குக் காஜா போடுகிற வேலை பார்த்தாள். காலையில் கடைக்குப் போகும்போது எனக்கு ஒரு டம்ளர் டீ வைத்துவிட்டுப் போவாள். வைத்த கையோடு கம்ப்யூட்டரை எட்டிப் பார்ப்பாள்.

"இந்த வாரம் நான் என்ன பண்ணியிருக்கேன் தம்பி?"

"குழம்புல உப்பு ஜாஸ்தியாப் போட்டிருக்கீங்க அக்கா."

"போச்சு. ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல நாலு பேராவது என் குழம்பை விசாரிப்பாங்க." சிரிப்பாள். சிரித்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "பாப்பாவுக்கு அப்புறம் எனக்கு இன்னொன்னு உண்டாயி ஆறாம் மாசம் போச்சு, தெரியுமா? நான் படுக்கையை விட்டு எழுந்திரிக்கல. அதுக்குள்ள அச்சுல வந்துட்டேன். பிஞ்சிலே உதிர்ந்த காயும் தோட்டக்காரர் கணக்கில் இருக்கிறதுன்னு எழுதியிருந்தார். எல்லாரும் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, என்ன அருமையான செய்தின்னாங்க. எனக்கு அழறதுக்கு இடமே இல்லாமப் போச்சு."

"அண்ணன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா அதுவும் ஒரு பாடம். ஆண்டவர் கெட்டவர் இல்ல தம்பி. இவர்தான் அவரை ஒரு நிமிஷம் உட்கார விடாம வேலை வாங்குறார்."

என் வேலையையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் கையெழுத்தில் தருவதை நான் தட்டச்சு செய்து, வரி வரியாக அடுக்கிப் பக்கம் கட்டி, அச்சடித்துத் தருவேன். தமிழில் பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. நம் சொற்கள் நீளம். ஒரு நீண்ட சொல் வரியில் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டால், மேல் வரியில் மிச்சம் இருக்கிற இரண்டு மூன்று சொற்கள் ஆளுக்கொரு மூலையாக நிற்கும். பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். அந்த இடத்தில் நானே ஒரு சொல்லைப் போட்டு வரியை நிரப்பிவிடுவேன். 'மழை' என்றிருந்தால் 'அடைமழை' ஆக்குவேன். 'அழுதாள்' என்றால் 'விம்மி அழுதாள்'. கேட்காமல் செய்வது தப்புதான். ஆனால் அண்ணன் அதைக் கண்டுபிடித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். "நான் எழுதினதைவிட நல்லா வந்திருக்கு. ஆவியானவர் உங்க விரல்ல உட்கார்ந்திருக்கார் தம்பி" என்பார். எனக்கும் மனசு குளிர்ந்துபோகும்.

அந்த வருஷம் மழை மூன்று வாரம் விடாமல் பெய்தது. தாளெல்லாம் ஈரம் குடித்து அப்பளமாக வளைந்து, இயந்திரத்தில் சிக்கிச் சிக்கி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு நாளில்தான் அண்ணனின் மாப்பிள்ளை வந்து படியேறினார். பக்கத்து ஊர்க்காரர். மீன், இறைச்சி ஏற்றுகிற குளிர்பெட்டி வண்டி ஓட்டுகிறவர். அந்த ஊர்ச் சபையில் பாட்டுக்குழுவில் முதல் வரிசை. பாப்பாவைக் கல்யாணம் பண்ணி நாலு வருஷம். பாப்பா என்றால் குழந்தையில்லை, இருபத்தேழு வயதுப் பெண். ஒரே மகள் என்பதால் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

"மாமா, பாப்பா இங்க வந்தாளா?" என்று அவர் கேட்டது கீழே எனக்குக் கேட்டது.

"இல்லையே மாப்பிள்ளை! ஏன், என்ன ஆச்சு?"

"சின்ன வாக்குவாதம். கோவிச்சுக்கிட்டு வெளியே போனவ. ரெண்டு நாளாச்சு." குரல் தழுதழுத்தது. அண்ணன் உடனே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த வண்டி சீருடைக் கடைக்கு எதிரே நின்றதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அக்கா காஜா போடுவதும் வீட்டுக்கு வருவதுமாக இருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

நடந்தது என்ன என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பிறகுதான். வாக்குவாதமெல்லாம் இல்லை. மாப்பிள்ளை வண்டிக் கதவில் பாப்பாவின் இடது கையை வைத்துச் சாத்தியிருக்கிறார். இரண்டு விரல் முறிந்துவிட்டது. அது முதல் தடவையும் இல்லை. அவள் பஸ் ஏறி நேராகச் சீருடைக் கடையின் பின்வாசலுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். வீட்டுக்குக் கூட்டிப்போனால் முதலில் அங்கேதான் தேடுவார் என்று அக்காவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். அங்கே துணி வெளுக்கிற பிரிவுக்கு மேற்பார்வைக்காரி அக்காவோடு படித்தவள். பின்னால் தங்க ஒரு அறை தந்து, கை ஆறும்வரை மடிக்கிற மேசையில் நில்லு என்று சொல்லிவிட்டாள். அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை.

"அவருக்குத் தெரிஞ்சா நிமிஷத்துல பாடமாயிடும்" என்றாளாம் அக்கா, அந்தத் தோழியிடம்.

ஆனால் தண்ணீர் மீட்டர் இல்லாத கட்டடம் ஊரில் ஏது? மாதக் கடைசியில் அண்ணன் பையும் டார்ச்சுமாக அந்தச் சலவைக்கூடத்துக்குள் போயிருக்கிறார். மழையில் எதுவும் காயாமல் விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்த நேரம். ரத்தம் பட்டதைத் தனியே பிரித்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போடுகிறவர்கள் ஒரு பக்கம், உருளையில் கொடுத்து ஆவியில் தேய்க்கிறவர்கள் ஒரு பக்கம். விரிப்பு மடிக்க இரண்டு ஆள் வேண்டும். எதிரெதிரே நின்று நாலு மூலையைப் பிடித்து, நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். அன்று ஆள் குறைவு. பாப்பா ஒற்றைக் கையால், ஒரு மூலையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தனியாக மடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அண்ணனே என்னிடம் சொன்னார். "என்னைப் பார்த்ததும் வாயில இருந்த துணியை விடல தம்பி. அப்படியே நின்னா. அப்புறம், யாருகிட்டயும் சொல்லாதீங்கப்பான்னா. சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்."

சத்தியத்தை அவர் மீறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. எழுதினார்.

வியாழக்கிழமை அதை என் மேசையில் வைத்தார். மற்ற வாரம் நாலு பக்கம், இந்த வாரம் இரண்டே பக்கம். ஊர் இல்லை, பேர் இல்லை. ஒரு சலவைக்கூடத்தில் கையில் கட்டுப் போட்ட ஒரு பெண்ணைப் பார்த்தேன் என்று தொடங்கியது. இருவர் மடிக்க வேண்டிய விரிப்பை ஒருத்தியாகப் பல்லில் கடித்து மடிக்கிறாள். ஆண்டவர் நாலு மூலையும் இரண்டு பேர் கையில் கொடுத்தார். தூரமாய் நிற்கிற ஒருவர் ஓரடி எடுத்து வைத்தால் மூலைகள் சேரும் என்று முடிந்தது. அவர் எழுதியதிலேயே அதுதான் நல்லது. தட்டச்சு செய்யும்போது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரோ ஒரு பெண் என்றுதான் நினைத்தேன்.

பக்கம் கட்டினேன். 'ஒரு சலவைக்கூடத்தில்' என்ற இடத்தில் வரி பல்லிளித்தது. ஊரில் ஓட்டலுக்கு வெளுப்பவர்கள், விடுதிக்கு வெளுப்பவர்கள் என்று ஏழெட்டுச் சலவைக்கூடம் உண்டு. வெள்ளை விரிப்பு என்று எழுதியிருக்கிறாரே, ஆஸ்பத்திரியாக இருந்தால் இன்னும் உருக்கமாக இருக்குமே என்று தோன்றியது. 'ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்' என்று மாற்றினேன். வரி கனகச்சிதமாக உட்கார்ந்தது. ஊரில் இருப்பது ஒரே ஒரு ஆஸ்பத்திரி. அச்சடித்துக் கட்டி, எங்கள் சபைக்கு ஒரு கட்டு, பக்கத்து ஊர்ச் சபைக்கு ஒரு கட்டு என்று அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை அந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்தபடி சலவைக்கூடத்துக்குள் போனார். அடிக்கவில்லை, அதட்டவில்லை. மடிக்கிற மேசைக்கு முன்னால் எல்லாரும் பார்க்க முழங்காலில் நின்று, பத்தியை வரி விடாமல் சத்தமாக வாசித்து அழுதாராம். வெளுக்கிற பெண்களில் இரண்டு பேர் கூடவே அழுதார்களாம். கூட்டம் கூடிவிட்டது என்று மேலதிகாரி வந்து, குடும்பச் சண்டையை எல்லாம் வெளியே வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பெண் நாளையிலிருந்து இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேற்பார்வைக்காரியால் அதைத் தடுக்க முடியவில்லை. அண்ணனுக்கு ஆள் அனுப்பி, அவர் வந்து, மூன்று பேருமாக வீட்டுக்கு வந்தார்கள். குளிர்பெட்டி வண்டி என் அச்சக வாசலில் நின்றது.

சற்று நேரத்தில் அக்கா இறங்கி வந்தாள். கடையிலிருந்து ஓடி வந்தவள். காஜா ஊசி இன்னும் சட்டைக் கழுத்தில் குத்தியிருந்தது.

"தம்பி, ஒரு வார்த்தை கேக்கணும். உண்மையைச் சொல்லுங்க."

"கேளுங்க அக்கா."

"இதுல ஆஸ்பத்திரின்னு இருக்கு. அவர் எழுதலயாம். பாப்பாவைக் காட்டிக் கொடுத்துடக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன்னு பைபிள்மேல கை வைக்கிறார். எழுதாத வார்த்தை அச்சுல வந்திருக்குன்னா அது தேவ சித்தம், ஆண்டவரே இடத்தைக் காட்டிக் கொடுத்திருக்கார், அப்புறம் தடுக்க நான் யாருன்னு கேக்கறார். இன்னிக்கே அனுப்பி வைக்கப் போறார். யார் எழுதினது தம்பி?"

எனக்கு அப்போதுதான் அந்தப் பெண் யார் என்று உறைத்தது.

"நான்தான் அக்கா. வரி நிரம்பல. அதுக்காகப் போட்டேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "வரி நிரம்பல" என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "மேல வந்து அவர்கிட்ட சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் என் பொண்ணு தொங்கிக்கிட்டிருக்கா."

கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு ஏறினேன். அண்ணன் நாற்காலியில், கண் சிவந்து. மாப்பிள்ளை தரையில் மண்டியிட்ட மாதிரியே உட்கார்ந்திருந்தார். பாப்பா சுவரில் சாய்ந்து நின்றாள். கட்டு அழுக்கேறியிருந்தது. மேசையில் நாலு டம்ளர் டீ ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. யாரும் தொடவில்லை.

தாளைக் காட்டினேன். "அண்ணே, இதுல பாருங்க. நீங்க எழுதினது வெறும் சலவைக்கூடம். வரி இழுத்துக்கிட்டு நின்னுச்சு. அழகுக்காக நான் ஆஸ்பத்திரின்னு சேர்த்தேன். இதுல ஆண்டவர் ஒண்ணும் இல்ல. நான்தான். தப்புப் பண்ணிட்டேன்."

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். அச்சானதையும் பார்த்தார். எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் எத்தனையோ வியாழக்கிழமை பார்த்திருக்கிறேன்.

"தம்பி, ஊர்ல எத்தனை சலவைக்கூடம்? ஓட்டல்னு போட்டிருக்கலாம், விடுதின்னு போட்டிருக்கலாம். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா சரியா அந்த வார்த்தையைப் போட்டீங்க. உங்க கையை நடத்தினது யாரு?"

"ஆமென்" என்றார் மாப்பிள்ளை.

வரி நிரப்பினேன் என்று மறுபடி சொன்னேன். அதைச் சொல்லச் சொல்ல எனக்கே அது அற்பமாகக் கேட்டது. அவர் சொன்னதுதான் பெரிதாகக் கேட்டது.

பாப்பா சுவரை விட்டு வந்தாள். அப்பாவுக்கு முன்னால் நின்று கட்டுப் போட்ட கையை நீட்டினாள்.

"அப்பா, இதுக்கு என்ன பாடம்?"

"பாப்பா..."

"இல்லப்பா, கேக்கறேன். கதவு சாத்துறப்ப எலும்பு உடையிற சத்தம் எனக்குக் கேட்டுது. அதுக்கு என்ன பாடம்? ஒண்ணும் இல்லம்மா, சும்மா வலிச்சுதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்."

அவர் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. வலிக்கிறதா என்று கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"உடைஞ்ச எலும்பு சேர்றப்ப முன்னைவிடப் பலமாச் சேரும்னு டாக்டருங்க சொல்றாங்கம்மா..."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அறைக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான். அழவும் இல்லை. அக்கா கதவை மறித்து நின்றாள். "போகாதடி. இங்கயே இரு. யார் என்ன பண்றாங்கன்னு பார்ப்போம்."

"இங்க எப்படிம்மா இருக்கறது? இங்கயும் அவருக்குத்தான் கதவு திறக்குறாங்க."

நான் படியிறங்கினேன். பின்னாலேயே அக்கா ஓடி வந்து நடுப்படியில் என் கையைப் பிடித்தாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தொட்டதில்லை.

"தம்பி, அச்சகத்துக்குப் பின்னாடி தாள் அடுக்குற ரூம் இருக்குல்ல. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு. ஒரு வாரம். நான் ராத்திரி வந்து கூடப் படுத்துக்கறேன். அதுக்குள்ள வேற இடம் பார்த்துடுவேன். இப்பவே சொல்லுங்க, பாப்பாவை அப்படியே உள்ள கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

அறை காலியாகத்தான் இருந்தது. மழையில் தாளெல்லாம் முன்பக்கம் எடுத்து வந்திருந்தேன். ஒரு பாய் போட்டால் போதும். என் வாயில் சரி என்று வந்திருக்க வேண்டும். ஆனால் நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனைவி என்ன சொல்வாள் என்று நினைத்தேன். வாசலில் அந்த ஆள் வண்டியோடு நிற்கிறானே என்று நினைத்தேன். பாஸ்டர் காதுக்குப் போனால் சபை வேலை முழுவதும் வேறு அச்சகத்துக்குப் போய்விடுமே என்று நினைத்தேன். இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்தில் நினைத்து முடித்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன் அக்கா."

அவள் என் கையை விட்டாள். பாப்பா மேல்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"விடும்மா. இந்த மாமா நல்லவர், சிரமப்படுத்தாத" என்றாள். என்னைத் தாண்டி இறங்கும்போது பை என் முழங்காலில் இடித்தது. மாப்பிள்ளை முன்னால் ஓடிப்போய் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தார். அவள் ஏறி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் கதவைச் சாத்தினார். மிகவும் மெதுவாகச் சாத்தினார். வண்டி முனை திரும்பும்போது ஓடிப்போய் நிறுத்தினால் என்ன என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

அண்ணன் அந்த வியாழக்கிழமையும் எழுதிக் கொண்டுவந்தார். நானும் அடித்துத் தந்தேன், ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல். அன்று முதல் எனக்கு டீ வரவில்லை. அக்கா அச்சக வாசலைப் பார்க்காமல் கடைக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இரண்டு பேரையும் எங்கள் சபைக்கு வரவழைத்திருந்தார்கள். மழை நின்று வெயில் காய்ச்சி எடுத்தது. கோயிலுக்குள் எல்லாரும் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை எழுந்து சாட்சி சொன்னார். மாமாவின் மன்னா பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து வைத்தது என்றார். அவர் குரல் அப்படி ஒரு குரல். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாஸ்டர் பாப்பாவைப் பார்த்து, "நீயும் ரெண்டு வார்த்தை சொல்லும்மா" என்றார். அவள் எழுந்து, "அவர் சொன்னதுதான்" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு பாட்டு. மாப்பிள்ளை பாட்டுப் புத்தகத்தை விரித்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பக்கத்தையும் அவரே திருப்பினார். எனக்கு முன்னால் இருந்த அம்மா, "எப்படித் தாங்குறார் பாரு" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். கட்டு இருந்தது இடது கையில். வலது கையால் அவள் ஏன் புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்று நான் பார்த்தேன். அந்த வெயிலிலும் அவள் ஒரு சால்வை போர்த்தியிருந்தாள். வலது கை அதற்குள் இருந்தது. பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தபோதுகூட அது வெளியே வரவில்லை.

அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தாள்.

பாஸ்டர் இரண்டு கையையும் உயர்த்தி, இந்தக் குடும்பத்துக்காக எல்லாரும் ஒருமித்து ஆமென் சொல்வோம் என்றார். அக்கா வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னேன்.